நாற்பது நிமிடம்

பதினோரு நாளாக சொலோங்கோ பல்லைக் கடிக்கிறாள்.
மூலையில் கேபிள் சுற்றும் எனக்கே கேட்கிறது.
நான் மின்பணிக்கு வந்தவன்; கூலி பாதி வந்திருக்கிறது.
மீதியைக் கேட்க இது நேரமில்லை.

உலான்பாத்தரில் ஒரு பழைய பள்ளி,
அதன் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்
காற்றடைத்த கறுப்புத் துணிக் குவிமாடம்.
நாளை பத்து மணிக்கு
அதற்குள் வானம் திறக்க வேண்டும்.
நிலக்கரிப் புகைக்குக் கீழே பிறந்த பிள்ளைகள்
குளிர்காலத்தில் விண்மீனே பார்த்ததில்லை என்று
வங்கியில் அவள் பேசியபோது
கண்ணைத் துடைத்துக்கொண்டே
வட்டி விகிதத்தை எழுதினார்களாம்.

இன்று மட்டும்
ப்ரொஜெக்டரை ஏழு முறை துடைத்தாள்.
நாற்காலிகளை எண்ணினாள், அறுபத்திரண்டு.
மறுபடி எண்ணினாள், அறுபத்தொன்று.
காணாமல் போனதில் அவளே உட்கார்ந்திருந்ததை
நான்தான் சொன்னேன்.
உப்புத் தேநீர் ஆறி ஆடை கட்டியது.
மூச்சை நாலு எண்ணி இழு என்றாள்
தொலைபேசியில் அக்கா.
நாலு என்றதும்
நாலு கோடி துக்ரிக் நினைவுக்கு வந்துவிட்டது.

இரவு ஒன்றேகாலுக்கு மின்சாரம் போயிற்று.
ஊதுவிசிறி நின்றது.
குவிமாடம் ஒரு பெருமூச்சு விட்டு
மெல்ல, மிக மெல்ல
எங்கள் தலைமேல் இறங்கியது.
ஓடு, எதையாவது பிடி என்பாள் என்று நினைத்தேன்.
அவள் படுத்துவிட்டாள்.
துணிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு,
யாக் இருமுவது போல.
“கான்போல்ட், விழ வேண்டியது விழுந்துவிட்டது.
இனி என்னை என்ன செய்யும்?”
பிறகு குறட்டை.

துணி மூக்கில் படாமல்
இருபுறமும் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்தேன்.
டார்ச்சை வாயில் கவ்வி
மெயின் சுவிட்சைப் பிடித்தபடி நின்றேன்.
நாற்பது நிமிடம்.
தெருவிளக்கு எட்டாவது நிமிடமே எரிந்துவிட்டது.
இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

காலையில் பார்த்தால் ஒரு தையல் பிரிந்திருந்தது.
கூடத்து வெளிச்சம் அதன் வழியே கசிந்து
துருவ நட்சத்திரத்துக்குச் சற்றுக் கீழே
எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு புள்ளி.
ஊசியில் நூல் கோத்தாள்.
மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.
ஊசியைத் தொப்பியில் குத்திவைத்துவிட்டுக்
கதவைத் திறந்தாள்.

முதல் வரிசையில்
கம்பளிக் காலணி கழற்றாத ஒரு பையன்
சரியாக அதைத்தான் காட்டினான்.
“அதன் பேர் என்ன?”

எனக்குப் பல் கூசியது.
சொலோங்கோ தாடையைத் தடவிக்கொண்டாள்.
“அதுவா? அதற்கு இன்னும் கடன் கட்டி முடியவில்லை.
முடிந்ததும் பேர் வைப்போம்.”

பையன் பெரிய மனிதனைப் போலத் தலையாட்டினான்.
அவன் வீட்டிலும்
அப்படி ஒன்று இருக்கும்போல.