மாசூட்டிய கரி

மூன்றாம் கோபுரத்தில் இன்று கரி மாற்றுகிறோம்.
துவாஸ், காலை ஏழேகால்.
கடலுக்கு மேலே வானம், நசுங்கிய அலுமினியத் தட்டு.
அனுமதிச் சீட்டில் இரண்டு பெயர்:
இறங்குபவன் உடையப்பன்,
மூடியருகே நிற்பவன் ஷொஹாக்.
என்னைச் சுருக்கி 'அப்பன்' என்பான்.
என்னைவிட நான்கு வயது மூத்தவன்.

தீவு குளித்ததும் கழுவியதும் கழித்ததும்
தரைக்கடியில் உருண்டு இங்கேதான் வருகிறது.
தண்ணீர் தொட்டிக்குப் போகும்.
அதன் மூச்சு எங்கள் கோபுரத்துக்கு.
அழுகிய முட்டை.
நாறினால் கவனி,
நாறியது சட்டென்று நின்றால் ஓடு:
பாதுகாப்பு வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட ஒரே வரி.
அந்த வாயு
முதலில் மூக்கைத்தான் கொல்லுமாம்.

பல்கலைக்கழகத்திலிருந்து வெய் திங் வந்திருக்கிறாள்,
புருவம் வரை இறங்கிய தலைக்கவசத்தோடு.
கையில் ஊறுகாய்ப் புட்டியளவு ஒரு கண்ணாடிக் குப்பி.
உள்ளே கறுப்பு மாவு.
கேலாங் சந்தையில் தேங்காய்ப்பால் பிழியும் கடைக்காரர்
சும்மா கொடுத்த சிரட்டை.
யூரியாவும் காரமும் சேர்த்து
எண்ணூறு டிகிரியில் சுட்டாளாம்.
மூன்று கிராமை விரித்தால்
ஒரு கால்பந்துத் திடல்.

எங்கள் விடுதியில்
தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று
சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.
அதனால் கேட்டேன்:
அவ்வளவு இடமும் இதற்குள் எங்கே இருக்கிறது?
"இல்லாத இடத்தில்" என்றாள்.
"எல்லாம் ஓட்டை."

சீட்டின் பின்பக்கம் தேன்கூடு வரைந்தாள்.
மூலைக்கு மூலை கரியணு.
ஒரு மூலையை மட்டும் அழித்து
நைட்ரஜன் எழுதினாள்.
டோப்பிங் என்றாள்.
எனக்குத் தெரியும்.
பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்,
பரீட்சைக்கு வராது என்று எல்லாரும் தாண்டிய பாடம்:
மாசூட்டல்.
அதில் சிலிக்கானுக்கு ஊட்டினார்கள்,
இவள் சிரட்டைக்கு ஊட்டியிருக்கிறாள்.
சுத்தமான கரியின் பிடி தளர்ச்சியாம்,
கொஞ்சம் சூடேறினால் விட்டுவிடுமாம்.
வேற்றாள் ஒருவனைச் சொருகினால்
அந்த மூலை இறுகுமாம்.

மாசைப் பிடிக்க மாசு, என்றேன் தமிழில்.
ஷொஹாக் சிரித்தான்,
பாதிதான் விளங்கியிருக்கும்.

வேற்றாள் என்றதும்
நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிகிறது.
வேண்டாம்.
நான் அணு இல்லை,
எனக்கு முதுகு வலிக்கிறது.

முகமூடிக்குள் என் மூச்சே எனக்குக் காற்றாக
இறங்கி,
பழைய கரியை வாரி வாரி மூட்டை கட்டினேன்.
போட்டபோது இருந்ததைவிடக் கனம்.
ஓட்டையெல்லாம் கந்தகம்.
குடிக்கவில்லை, விழுங்கவில்லை.
வந்ததைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு
பேசாமல் இருந்திருக்கிறது, பதினெட்டு மாதம்.

பழந்தமிழில் கரி என்றால் சாட்சி.
கரி பொய்த்தான் என்றால்
பொய்ச்சாட்சி சொன்னவன்.
இது பொய்க்காது.
எந்தக் கோர்ட்டும் கூப்பிடவும் போவதில்லை.
நாற்பத்தோரு மூட்டை.
பன்னிரண்டு மணிக்கு லாரி வந்து
எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது.

வெய் திங்கின் மாவை
எஃகு வலைப்பையில் முடிந்து
உள்ளே தொங்கவிட்டவன் நான்தான்.
எட்டு வாரம் கழித்து நிறுக்க வருவாளாம்.
கூடியிருந்தால் நல்ல செய்தி.
உலகத்தில் எடை கூடினால் சந்தோஷப்படும் பெண்
இவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்,
சொல்லவில்லை.

இரவு விடுதிக் குழாயடியில் மூக்கைச் சிந்தினால்
கறுப்பாக வருகிறது.
பின்னால் ஷொஹாக், தோளில் துண்டு,
நேற்றைய மீன்குழம்பு கிடக்கும் குப்பைத்தொட்டியைத் தாண்டி வந்து
எங்களிடம் பிடித்த தமிழில் கேட்கிறான்:
"நாத்தம் இருக்கா, அப்பன்?"

"இருக்கு."

"நல்லது" என்று
பல் விளக்கத் தொடங்குகிறான்.