எத்தனை புள்ளி

கோயில் கணக்கர் நோட்டோடு வந்தார்.
"வீட்டில் எத்தனை புள்ளி?"
கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி.
அப்பச்சி போனபிறகு ஆத்தா அரைப்புள்ளி.
முப்பத்தொன்பது வயதில் தாலி ஏறாத நான்
எண்ணிக்கையில் இல்லை.
அரைக்கு உண்டான வரியைக் கட்டினோம்.
ரசீது தந்தார்.

அதே வாரம் வியாழக்கிழமை,
காரைக்குடி, மருந்துக்கடைக்கு மேல்மாடி,
ரோசரி மேடம் கேட்டார்:
"உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க, சிகப்பி?
தெரிஞ்சவரைக்கும் சொன்னாப் போதும்."
மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னேன்:
நாலு. ஒருவேளை ஐந்து.
அவர் சிரிக்கவில்லை.
தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

முதலில் பிடிபட்டது ஆடிட்டர் ஆபீஸில்.
பேரேட்டில் ஒரே பக்கத்தில் மூன்று கையெழுத்து.
வலப்பக்கம் சாய்ந்தது என்னுடையது.
இன்னொன்று பேனாவை ஊன்றி, தாள் கிழியக் கிழிய.
மூன்றாவது உருண்டை உருண்டையாக,
ஏழை மட்டும் திருப்பிப் போட்டிருந்தது.
"கூட்டல் சரியாத்தான் இருக்கு," என்றார் சார்.
"ஆனா இதெல்லாம் யாரு போட்டது?"
லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.
போகவில்லை.
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் விழித்தபோது
விளக்குப் போட்டிருந்தார்கள்.
கையில் ஒரு பாக்கெட் கமர்கட்டு.
ஒரு கால் செருப்பைக் காணோம்.

பேய் என்றார்கள். பிறகு நடிப்பு என்றார்கள்.
ஆத்தா இரண்டுக்கும் செலவு செய்தாள்.

மேடம் தூத்துக்குடிக்காரர்.
"கண்ணாடி உடைஞ்ச மாதிரின்னு சிலர் சொல்லுவாங்க."
இல்லை மேடம், எதுவும் உடையவில்லை.
எங்களில் வேறு வைப்பது என்று ஒன்று உண்டு.
மகனுக்குக் கல்யாணமானால்
அரிசி, பருப்பு, சட்டி, கரண்டி அளந்து கொடுத்து
அதே வீட்டில் தனி அடுப்பு.
வளவு ஒன்று, வாசல் ஒன்று, கிணறு ஒன்று,
உலை வேறு.
எனக்கு ஏழு வயதில் அப்படித்தான் ஆனது.
அவசரமாக வேறு வைத்துவிட்டார்கள்,
அளந்து கொடுக்க நேரமில்லை.
ஒருத்திக்குப் பயம் முழுக்கப் போனது.
ஒருத்தனுக்குக் கோபம்.
எனக்குக் கணக்கு.

அவர் அதை எழுதி, அடியில் கோடு போட்டார்.

இரண்டாங்கட்டு, சாமான் அறை,
பாச்சை உருண்டை வாசம்
என்று நான் தொடங்கிய அன்று
கையைக் காட்டி நிறுத்தினார்.
"சாவி எங்கேயும் போகாது. இன்னைக்கு வேண்டாம்.
கால் தரையில படுதா?"
படுகிறது.
"தரை எப்படி இருக்கு?"
சில்லென்று. மொசைக். ஓரத்தில் ஒரு கீறல்.

எட்டு மாதம் கழித்துக் கேட்டேன்,
இதுதான் வைத்தியமா என்று.
"பாதி," என்றார்.
இதற்கென்று மாத்திரை கிடையாது.
தூக்கத்துக்கு மட்டும் ஒன்று, மதுரை டாக்டர் எழுதியது.

மற்ற பாதி ஒரு நாற்பது பக்க நோட்டு.
யார் வந்தாலும் எழுதிவைக்க வேண்டும்.
நான் எழுதினேன்:
இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. கடைசி நாள்.
யாரும் பஸ் ஏற வேண்டாம்.
அடியில், தாள் கிழிய:
என்னைக் கேட்டா வைத்தாய்?
ஒன்பது நாள் கழித்து, அதே கையில்:
சரி.
சின்னவள் எழுதுவதில்லை, வரைகிறாள்.
ஒற்றைச் செருப்பு. பக்கம் பக்கமாக ஒற்றைச் செருப்பு.
இருபத்திரண்டாம் பக்கத்தில்
ஜோடி.

ஒன்றாகிவிடுவோமா மேடம்?
"சிலர் ஆவாங்க. சிலர் பேச்சுவார்த்தையோட
ஒரே வீட்டுல இருந்துக்குவாங்க.
எதுன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து சொல்லணும்."

நீங்க எல்லாரும்.
பள்ளத்தூர் டவுன் பஸ்ஸில்
ஜன்னலோரம் அந்தச் சொல்லோடு உட்கார்ந்தேன்.
பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட்
கண்டக்டர் ஒன்று கிழித்துக் கொடுத்தார்.
ஒன்றுதான்.

பையில் ஐந்து கமர்கட்டு.
இந்த முறை நானே, தெரிந்தே வாங்கியது.
நாலுக்கு ஆள் இருக்கிறது.
ஐந்தாவதை
நோட்டின் மேல் வைத்து
விளக்கை அணைக்காமல் படுத்தேன்.