ஆணையர் அறிக்கையில் சேராதவை

சார்பு நீதிமன்றம் என்னை அனுப்பியது
தேவகோட்டையில் ஒரு வீட்டை அளந்து வர.
வயிரவன் வகையறா வாதிகள்,
கதிரேசன் வகையறா பிரதிவாதிகள்,
மொத்தம் அறுபத்திரண்டு பங்கு.
பத்தொன்பது பேர் இறந்துவிட்டார்கள்.
வழக்கு நன்றாக இருக்கிறது.

டேப்பின் ஒரு முனை சர்வேயர் ஜபருல்லாவிடம்,
மறுமுனை என் குமாஸ்தா ஆரோக்கியத்திடம்.
முகப்பு, நாற்பத்தோரடி.
வளவில் தூண்கள், நான் எண்ணியவரை பன்னிரண்டு.
வயிரவன் தரப்புக்குப் பதின்மூன்று:
ஒன்றைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டதாக
மனுவில் தனிப் பத்தி.

ஆரோக்கியத்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தபடி இருந்தது.
அவர் மகள் ஜெசிந்தாவுக்கு அஷ்கெலோனில் வேலை.
நடக்க முடியாத ஒரு அம்மாளைக் குளிப்பாட்டி
ஊட்டிவிட்டு
சைரன் கேட்டால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.
‘போர்நிறுத்தமாம்மா’ என்றார்.
‘எத்தனாவது?’
டேப்பிலிருந்து கண்ணெடுக்காமல் ஜபருல்லா.

ஜபருல்லாவின் தம்பி ஷார்ஜாவில்
ஒரே அறையில் படுப்பது கான் யூனிஸ்காரன் ஒருவனோடு.
அவன் போனில்
இனி யாரும் எடுக்கப்போகாத எண்கள் பதினாலு.
ஒன்றையும் அழிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
அடிக்கணக்கு மட்டும் பேசினோம்.

இரண்டாங்கட்டில் ஓர் அறை.
சாவி இரு தரப்பிடமும் இருக்கிறது.
இரண்டும் சேரவில்லை.
பூட்டை மாற்றியது யார் என்பதற்கு வேறொரு வழக்கு,
வேறொரு வாய்தா.
வெளியே நின்று எழுதினேன்:
உள்ளளவு எடுக்க இயலவில்லை.

மூன்று மணிக்கு முறுக்கும் டீயும்
இரண்டு தட்டில் வந்தன, இரண்டு வாசல் வழியாக.
எதை முதலில் தொடுகிறேன் என்று எட்டுக் கண்கள்.
இரு கையாலும் எடுத்தேன்.
இந்தத் தொழிலில் வயிறும் நடுநிலை வகிக்க வேண்டும்.

சொத்து விவரம் எழுதும் பழக்கத்தில்
கை தானாக
அந்த நாட்டுக்கும் எல்லை போட்டது:
கடலுக்குக் கிழக்கு,
ஆற்றுக்கு மேற்கு.
அங்கே இரு பக்கத்துப் பிடிவாதக்காரர்களும்
மனுப் போட்டால்
இந்த இரண்டு வரியும் அச்சு மாறாமல் இருக்கும்.
வடக்கும் தெற்கும் எழுதவில்லை.
தாளைக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

ஒப்பிடக் கூடாது, தெரியும்.
இங்கே யாரும் தன் பிள்ளையைக்
கான்கிரீட்டுக்கு அடியிலிருந்து கையால் தோண்டவில்லை.
யாரையும் யாரும் சுரங்கத்தில் அடைத்து
பேரம் பேசவில்லை.
இங்கே விழுந்தது சுண்ணாம்புக் காரை,
அதுவும் ஐப்பசி மழையில்.

ஆனாலும் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.
முழு வீட்டையும் ஜெயித்தவன்
அடுத்த மாதமே நடைவழி கேட்டு வருகிறான்.
தோற்றவன் எங்கேயும் போவதில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்,
இருமுகிறான்,
மகளுக்குக் கல்யாணம் வைக்கிறான்,
பேரனுக்கு மனுவைப் படித்துக் காட்டுகிறான்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன்.
வளவில் பட்டப்பகலில் ஒரு பல்பு.
கரண்ட் பில் யார் கட்டுவது?
நாங்களில்லை என்றார் வயிரவன்.
நாங்களும் இல்லை என்றார் கதிரேசன்,
கொஞ்சம் அவசரமாக.
இணைப்பு, என்றோ போய்ச் சேர்ந்த ஒருவர் பெயரில்.
மீட்டர் பெட்டிக்குள் ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள்,
பதினோரு வருடம்,
ஒரு தவணை தவறவில்லை.
அடுத்த கேள்வி நாக்கில் இருந்தது.
கேட்டால் நின்றுவிடும் என்று தோன்றியது.
பெட்டியை மூடினேன்.

காரில் ஜெசிந்தாவின் குரலை
ஸ்பீக்கரில் போட்டார் ஆரோக்கியம்.
‘அம்மா தூங்குறாங்கப்பா. சத்தமே இல்ல.
சத்தம் இல்லாததுதான் எனக்குத் தூக்கம் வரல.’
ராம்நகர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.

‘அஷ்கெலோனுக்கும் கான் யூனிஸுக்கும்
எவ்வளவு தூரம் மேடம்?’
மடியில் டேப்பை வைத்துக்கொண்டு
ஜபருல்லா என்னிடம் கேட்கிறார்.

இங்கேயிருந்து சிவகங்கை தூரம் இருக்கும் என்றேன்.
குத்துமதிப்பாகத்தான்.