பன்னிரண்டாம் வரிசை

ஹாலிஃபாக்ஸிலிருந்து செயின்ட் ஜான்ஸுக்கு
ஒன்றரை மணி நேரம்.
அன்றைக்கு ஏழு ஆனது.

கதவு சாத்துமுன்பே ஆரம்பித்துவிட்டது.
நடு இருக்கையில் டோபின்,
ஆல்பர்ட்டா எண்ணெய் மணலில் மூன்று வாரம் புரண்டு
வீடு திரும்புகிறவர்,
முழங்காலை மார்போடு இழுத்துக்கொண்டு
"நான் காசு கொடுத்தது இரண்டு கால் வைக்க.
இங்கே ஆறு கால் இருக்கிறது" என்றார்.

சன்னலோரம் வின்னிஃப்ரெட் லெட்ரூ.
வரி அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவர்.
பார்வை கிடையாது.
காலடியில் கறுப்பு லாப்ரடார்,
தேய்ந்த தோல் சேணம்,
பெயர் கோர்டன்.
லெட்ரூ பதில் சொல்லவில்லை.
கோர்டனும்.

குரைத்தது பின்வரிசை.
அங்கே ஒரு பைக்குள் இன்னொன்று,
இரண்டு உள்ளங்கை அகலம்,
சிவப்புச் சட்டையில் வெள்ளை எழுத்து: பணியில்.
இணையத்தில் பதினெட்டு டாலர்.
உடைமைக்காரியே சொன்னாள்,
எங்கே கிடைக்கும் என்று
நான் ஆசையாய்க் கேட்பதாக நினைத்து.
"போன மாதம் இதே சட்டைதான்
என் பூட்ஸில் ஒன்றுக்குப் போனது," இது டோபின்.

சட்டையைக் கண்டால் நாயைக் காணோம்,
நாயைக் கண்டால் சட்டையைக் காணோம்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன்.
குனிந்து, குரலில் தேன் தடவி
லெட்ரூவிடம் சான்றிதழ் கேட்டேன்.
நுழைவாயிலில் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.
எனக்குத் தெரியும்.
"உன் கழுத்துச் சங்கிலியில்
மூக்குக்கண்ணாடி ஆடும் சத்தம் கேட்கிறது.
இன்றைக்கு எத்தனை பேர்
அதற்குச் சான்றிதழ் கேட்டார்கள்?"

பதினோராம் வரிசையில் ஒருத்தி கத்தவே இல்லை.
ஓடெட் மெலான்சன்.
மகனின் இன்ஹேலரை எடுத்துக் காட்டினாள்,
திருடியதைத் திருப்பித் தருவது போல.
லூக்குக்கு ஆறு வயது. நாய் முடி ஆகாது.
கையேட்டில் இருவருக்கும் உரிமை உண்டு,
ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தளவில்.
தூரமாக அமர்த்துக என்கிறது.
நூற்று முப்பத்தாறு இருக்கை,
நூற்று முப்பத்தாறு பேர்.
எங்கே இருக்கிறது தூரம்?

இரண்டாம் வரிசைக்கு மாற்ற
நாலு பேரைக் கெஞ்சினேன்.
எழும்போது அழுதவன் லூக் மட்டும்தான்.
இருக்கை இடுக்கு வழியே
கோர்டனின் காதைத் தொடலாமா என்று
நான் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தானாம்.
அவன் புகாரை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

செயின்ட் ஜான்ஸ் முழுக்க மூடுபனி.
மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
கேண்டரில் இறங்கினோம்.
நாலு மணி நேரம் ஓரமாய் நிறுத்திவைத்தார்கள்.
கேப்டன் ஏணிப்படி வரவழைத்தார்,
நாய்கள் வெளிக்குப் போய்வர.
சிகரெட்டுக்கு இல்லாத படியா என்றது
இருபதாம் வரிசை.
டோபின் எழுந்து வழிவிட்டார்.
மனசு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.
திரும்பி வந்த கோர்டனின் ஈரப் பாதங்களைப் பார்த்ததும்
முதலிலிருந்து தொடங்கினார்.

இரவு ஒன்றரை. எல்லோரும் இறங்கியாயிற்று.
துப்புரவு ஒப்பந்தத்தில்
குப்பை உண்டு, வாந்தி உண்டு,
முடி இல்லை.
காலை ஆறுக்கு இதே விமானம் திரும்பும்.
எந்த லூக் வந்து உட்காருவானோ.
ஒட்டுநாடாவைப் பசை வெளிப்புறமாய்
கையில் சுற்றிக்கொண்டு
மண்டியிட்டேன், பிறகு படுத்தேன்,
சன்னலோர இருக்கைக்கு முன்னால்
அவன் கிடந்த இடத்தில்.

தோள் நுழையவில்லை.
கம்பளம் ஈரமாய், சில்லென்று இருந்தது.
அங்கிருந்து பார்த்தால்
யாருக்கும் முகம் இருந்திருக்காது.
பூட்ஸ் தெரிந்திருக்கும். அதன் அசைவை வைத்தே
பேச்சு எங்கே போகிறது என்று
தெரிந்துகொண்டிருப்பான்.
ஏழு மணி நேரம்.
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

விளக்கடியில் நாடாவைப் பிரித்துப் பார்த்தேன்.
கறுப்பாய்ப் பதினொன்று.
பழுப்பில் ஒன்று, சுருட்டை, அது பின்வரிசை.
நீளமாய் ஒன்று, பாதி நரைத்தது.
அது என்னுடையது.