விடையில்லை எனில் ஒன்பது

ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.
விடையில்லை எனில் ஒன்பது.
முதல் நாளே என் மேசைக்கு மேல் ஒட்டிவிட்டார்கள்.
கெமி நகரம், அறுபத்தாறு, ஆறு உறைந்து கிடந்தது.
காகித ஆலையின் வெந்த முட்டைக்கோஸ் வாடை
கையுறைக்குள்ளும் புகுந்துவிடும்.
அந்தக் குளிர்காலத்தில் பிறந்தவர்கள் எல்லாம்
எடையாக, நீளமாக, தலைச்சுற்றளவாக
என்னிடம் வந்துசேர்ந்தார்கள்.
ஒருவரும் அழவில்லை.

பெயர் எனக்குத் தெரியக்கூடாது. விதி.
2316, பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
ஓராண்டில் பல் ஆறு, சொல் இரண்டு:
ஒன்று "விளக்கு",
மற்றது தாயின் கையெழுத்தில் புரியவில்லை.
ஏழு வயதில், பெரியவனானால் என்ன ஆவாய்?
பனி தள்ளும் வண்டி ஓட்டுவேன், இரவில் மட்டும்.
இரவில் மட்டும் என்பதற்குக் குறியீடு கிடையாது.
போக்குவரத்து, நாற்பத்திரண்டு, துளையிட்டேன்.

பதினான்கில் அவனே எழுதினான்.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து,
எதிர்காற்றில் நடப்பவர்கள் மாதிரி.
நீந்தத் தெரியுமா: ஒன்று.
புகைத்ததுண்டா: ஒன்று.
வீட்டில் யாராவது உன்னை அடிப்பதுண்டா:
கட்டம் வெறுமை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு வீடு,
எல்லா ஜன்னல்களும் கருக்கி,
தாள் கிழியும் வரை கருக்கி.

ஓரங்களுக்குப் பத்தி இல்லை.
ராய்லியிடம் காட்டினேன். காபியைக் கீழே வைத்தாள்.
பிறகு எடுத்துக்கொண்டாள்.
ஒன்பது.
இயந்திரம் ஒருமுறை கடித்தது, அவ்வளவுதான் சத்தம்.

முப்பத்தொன்றில்
இரத்த அழுத்தம், கொழுப்பு, குழாயில் ஊதிய மூச்சு.
தொழில்: பனி தள்ளும் வண்டி.
அறையில் தனியாகச் சிரித்துவிட்டேன்.
கடைசிப் பக்கத்தின் அடியில் அதே சாய்வு:
"மிந்த்துவுக்கு இப்போது ஏழு வயது.
பதினான்கில் ஒரு கேள்வியை விட்டுவிட்டேன்.
அதற்கு ஆம்.
தாமதமென்றால் பரவாயில்லை."

முடிந்த சுற்றைத் திருத்தக்கூடாது என்றார் டாக்டர் ஓரவாய்னென்.
கெட்டவர் இல்லை அவர்.
ஒருவனுக்குத் திறந்தால் நாலாயிரம் பேருக்கும் திறக்க வேண்டும்.
கீழ்த்தளத்துக்குப் போனேன்.
எண்பதாம் ஆண்டு அட்டைகள், பெட்டி பெட்டியாக.
அவனுடையதை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஒன்பதின் துளை வழியே
எள்ளளவு வெளிச்சம் என் கட்டைவிரலில் விழுந்தது.
துளையை மூட வழியில்லை.
பக்கத்தில் ஒன்றையும் குத்தலாம்,
பிழை என்று இயந்திரம் துப்பிவிடும்.
வைத்துவிட்டு ஏறி வந்தேன்.

கட்டுரை வெளியானது. நல்ல கட்டுரை,
நானே இரண்டு முறை படித்தேன்.
மூன்றாம் அட்டவணை, அடியில், பொடி எழுத்தில்:
விடையளிக்காதோர் 214.

இரவு இரண்டு மணிக்குத் தெருவில் இரும்பு உரசுகிறது.
எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன்.
யாராகவும் இருக்கலாம்,
நகரத்தில் அந்த வண்டிகள் ஏழெட்டு உண்டு.
மஞ்சள் ஒளி சுவரில் சுழன்று, கூரைக்கு ஏறி, போகிறது.
என் விளக்கைப் போட்டுக்கொண்டு
அப்படியே நிற்கிறேன், கொஞ்ச நேரம்,
வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி.