இரண்டாம் படம்

பேர்ணில் இந்த ஆஸ்பத்திரிக்குத்
தீவு என்று பெயர்.
சுற்றிலும் தண்ணீர் இல்லை, கார் தரிப்பிடம்தான்.
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.
சொன்னதைச் சொல்ல வேண்டும்,
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஜனவரியில் முதல் தடவை.
யதுர்சன், பதினேழு வயது,
சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் பழகுகிற பெடியன்.
ஏணியில் நின்றபடி
தலைக்குள் ஏதோ வெடித்தது என்றானாம்.
வாளி கவிழாமல் இறங்கி வந்து
பிறகுதான் விழுந்தானாம்.

"இரத்தக் கசிவு" என்றேன்.
"அடிபடாமல் எப்படி இரத்தம்?"
தகப்பன் கேட்டதை ஜெர்மனில் கேட்டேன்.
டொக்டர் ஸ்டுக்கி படத்தில்
வெள்ளைத் திட்டொன்றைத் தொட்டுக் காட்டினார்.
இரத்தம் வடியட்டும்,
அதற்குப் பின்னால் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று
இப்போது தெரியாது,
பத்துக் கிழமை பொறுங்கள்.

பத்துக் கிழமையும் தாய்
விடிய எழும்பி
அவன் தலையணை உறையைப் பார்த்திருக்கிறாள்,
வடிகிற இரத்தம்
எங்கேயாவது வடியத்தானே வேண்டும் என்று.
அது என் பிழை.
"வடியும்" என்று நானல்லவா சொன்னேன்.
கரையும் என்றிருக்கலாம்,
உடம்பே எடுத்துக்கொள்ளும் என்றிருக்கலாம்.

இன்று இரண்டாம் படம்.
இரத்தம் போன இடத்தில்
புளியங்கொட்டை அளவில் ஒன்று.
கட்டி.
வெல்லத்துக்கும் இதே சொல்தான்.

நான் வாய் திறக்குமுன்
அவன் தாயின் பக்கம் திரும்பினான்.
மழித்த இடத்தில் முடி முள்ளாய் முளைத்திருந்தது.
"அம்மா, சின்னக் கட்டியாம். எடுத்துவிடலாமாம்."

டொக்டர் சொன்ன வாக்கியம் அதைவிட நீளம்.
எட்டுகிற அளவுக்கு எடுக்கலாம் என்று தொடங்கியது.
இந்த மொழியிலும் சில வாக்கியங்களுக்கு
வினைச்சொல் கடைசியில்தான் வரும்,
எங்களுடையதைப் போல.
அது வருமுன்னே
அவன் நிறுத்திவிட்டான்.

தகப்பன் விரல்விட்டு நாட்களை எண்ணினார்,
ஈஸ்டருக்குச் சமையலறையில் ஆளில்லையாம்,
லீவு தருவார்களோ தெரியாதாம்.
தாய் அவன் நெற்றியைத் துடைத்தாள்,
வியர்க்காத நெற்றியை.

"எல்லாம் சொல்லியாயிற்றா?"
டொக்டர் என்னைத்தான் கேட்டார்.
யதுர்சன் என்னைப் பார்க்கவில்லை.
மேசைக்கு அடியில்
அவனுடைய சப்பாத்து, காய்ந்த பெயின்ட் தெறித்தது,
என் சப்பாத்தை மெல்ல
ஒருமுறை தொட்டது.

படிவம்.
மொழி: தமிழ்.
நேரம்: ஐம்பது நிமிடம்.
மொழிபெயர்ப்பாளர் கையொப்பம்.
என் பேனா எழுதவில்லை.
டொக்டர் தன்னுடையதைத் தந்தார்.