இருபது தெத்ரி

வகுப்பில் கோச்சாதான் எப்போதும் குடிகாரத் தகப்பன்.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, காலை அகட்டி,
"என் வீட்டைப் பற்றி உனக்கென்ன தெரியும்?" என்பான்.
நான் தலையை லேசாகச் சாய்த்து
"கோபமாக இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது" என்பேன்.
உடனே உருகிவிடுவான். நல்ல பிள்ளை.
எனக்குப் பத்துக்கு எட்டு.

திபிலீசியிலிருந்து மினிபஸ்ஸில் அரை மணி, ருஸ்தாவி.
உருக்காலை ஊர்தான்.
ஆனால் ஒன்பதாம் மாடியில் யாரும் உருகவில்லை.

நெஸ்தான் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தாள்.
"வாஜா வெளியாட்களிடம் பேசுவதை நிறுத்தியது எப்போது?"
டக்.
"அதற்கு முன் வீட்டில் ஏதாவது மாற்றம்?"
டக்.
"உங்கள் அமைதியை மதிக்கிறேன்" என்றேன்.
நிமிர்ந்தாள். "அமைதியெல்லாம் இல்லை.
கிலோ கணக்கில் கூலி. ஆறு மணிக்கு ஆள் வருவான்."

பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு:
எதிர்ப்பு. நாற்பதாம் பக்கமோ என்னவோ.
நானும் உட்கார்ந்து உடைத்தேன், வேறென்ன செய்ய.
என் பருப்பில் பாதி நொறுங்கிப்போனது.
ஒன்றும் சொல்லாமல் தனியே ஒதுக்கினாள்.
நொறுங்கியதற்குப் பாதி விலை என்று
பிறகுதான் தெரிந்தது.

பையனிடம் பென்சிலைக் கொடுத்தேன்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
விலகியிருந்தால் கோட்டின் மேல் ஒரு வெட்டு.
அம்மாவை வரைந்தான். தங்கை தினாவை
வட்டமென்று சொல்ல முடியாத ஒரு புள்ளியாக.
அப்பாவின் சதுரத்தைத் தாளுக்கு வெளியே
மேசை விரிப்பின் மேல் வரைந்தான்.

"போலந்து" என்றாள் நெஸ்தான். "லாரி."
நான் கேட்காமல் வந்த முதல் இரண்டு சொற்கள்.
குறித்துக்கொள்ளவில்லை,
விரலெல்லாம் அக்ரூட் கறை.
"கோடு எங்கே, வாஜா?"
பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனான்.

கிளம்பும்போது படிக்கட்டில் விளக்கில்லை.
அந்தக் கட்டடத்தில் காசு போட்டால்தான் லிஃப்ட் அசையும்.
என் பையில் தாள் பணம்தான் இருந்தது.
வாஜா ஊறுகாய் ஜாடியோடு வந்தான்.
இருபது தெத்ரி ஒன்றைத் தேடியெடுத்து,
சட்டையில் துடைத்து,
என் உள்ளங்கையில் வைத்தான்.

நெஸ்தான் வாசலில் நின்று சொன்னாள்:
"அப்பன் வரும்போது படியேறக் கூடாதாம்.
ரெண்டு வருஷமாச் சேர்க்கிறான்.
அதிலிருந்து எனக்கே தர மாட்டான்."

நான் அதற்குள் காசைப் போட்டிருந்தேன்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
குடும்பத்திடமிருந்து ஏதேனும் அன்பளிப்பு பெற்றீர்களா?
'இல்லை' என்று எழுதி அடித்தேன்.
'ஆம்' என்று எழுதி அதையும் அடித்தேன்.
ஓரத்தில் இடுக்கி எழுதினேன்: 'கடன்'.

வகுப்பில் முக்கால் மணி நேரம் அதைப் பேசினார்கள்.
எல்லை மீறல் என்றது முன்வரிசை.
நம்பிக்கை என்றது ஜன்னலோரம்.
கோச்சா மட்டும்
மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
"அவர் எத்தனை முறை ஏறி இறங்குவார் என்று
கணக்குப் போட்டிருப்பானா?"
அவனுடைய அப்பாவைப் பற்றி
நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த வியாழன் ஒன்பது மாடியும் நடந்தே ஏறினேன்.
மூடிய கைக்குள் காசு வியர்த்தது.
எட்டாவதில் நின்று மூச்சு வாங்கியபோது
தயாரித்து வந்த கேள்விகளில்
ஒன்றுகூட மிச்சமில்லை.

வாஜா கதவைத் திறந்தான்.
காசை வாங்கினான்.
வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"இது வேற காசு" என்றான்.

"ஆமாம்" என்றேன். "வேற காசுதான்.
அது லிஃப்டுக்குள்ளே போயிடுச்சு."

கொஞ்சம் யோசித்தான்.
ஜாடியில் போடவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்,
கதவைச் சாத்தாமல்.